மியாட்டா என்பி 1.8-க்கு டர்போ கிட்: எதைப் பார்த்து வாங்குவது?

#1 ஆர்பிஎம்7000

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 1999 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5 (மியாட்டா), இரண்டாம் தலைமுறை என்பி. 1.8 லிட்டர் பிபி-4டபிள்யூ இன்ஜின், கம்ப்ரஷன் 9.5, ஐந்து கியர். இன்ஜினைத் திறக்கும் எண்ணம் இல்லை. பிஸ்டன், ராடு (பிஸ்டனை கிராங்கோடு இணைக்கும் தண்டு) எல்லாம் கம்பெனியில் வந்ததுதான். சக்கரத்தில் 220 குதிரைத்திறன் வந்தால் போதும். தினமும் ஓட்ட வேண்டிய வண்டி, மாதம் ஒருமுறை டிராக்குக்கும் போகும். கோடையில் 35 டிகிரி வெயில். பெட்ரோல் 98 ரான் (ஆக்டேன் எண்) கிடைக்கும்.

மூன்று கிட் பார்த்து வைத்திருக்கேன்.

முதலாவது: வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு (எக்ஸாஸ்ட் புகையை டர்போவுக்குக் கொண்டு வருவது), காரெட் ஜிடி2560ஆர் டர்போ, இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விப்பது), டவுன்பைப் (டர்போவுக்குப் பின் புகை போகும் குழாய்). இசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்), இன்ஜெக்டர் (பெட்ரோல் பீச்சுவது) கிடையாது.

இரண்டாவது: ஸ்டெயின்லெஸ் குழாய் மேனிஃபோல்டு, ஜிடி2860ஆர்எஸ், 3 அங்குல டவுன்பைப். இதிலும் இசியு இல்லை. பார்க்க அழகா இருக்கு, விலையும் அதிகம்.

மூன்றாவது: பெயர் தெரியாத டி25 வகை டர்போ, மேனிஃபோல்டு, இன்டர்கூலர், பூஸ்ட் (டர்போ ஏற்றும் காற்றழுத்தம்) ஏற ஏற பெட்ரோல் அழுத்தத்தை ஏற்றும் ரெகுலேட்டர். "இசியு மாத்தவே வேண்டாம், ரெண்டு நாள்ல மாட்டிடலாம்" என்கிறார்கள். முதல் கிட்டில் பாதி விலைகூட இல்லை.

எதை எடுக்கலாம்? கிட்டில் இல்லாமல் வேறு என்னென்ன வாங்கணும்?

#2 ஸ்பேனர்12

தம்பி, மூணாவதை இப்பவே பட்டியல்ல இருந்து எடுத்துடுங்க. விலையை விடுங்க, அது உங்க வண்டிக்குப் பொருந்தவே பொருந்தாது. அந்த ரெகுலேட்டர், பெட்ரோல் திரும்பிப் போற லைன் உள்ள பழைய முதல் தலைமுறை வண்டிக்கானது. 1999 என்பியில ரெகுலேட்டர் டேங்குக்குள்ள பம்ப்போட சேர்ந்தே இருக்கு. ரெயில்ல இருந்து டேங்குக்குத் திரும்பிப் போற லைனே கிடையாது. அதை மாட்டணும்னா டேங்க் வரைக்கும் புது லைன் இழுக்கணும். ரெண்டு நாள் வேலையாவது!

சரி, இழுத்து மாட்டினாலும் அது பெட்ரோலை மட்டும்தான் கூட்டும். இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கத் தெரியாது. 9.5 கம்ப்ரஷன்ல 0.6 பார் பூஸ்ட், 35 டிகிரி வெயில், கம்பெனி டைமிங்! நாக்கிங் (கலவை தானாவே வெடிக்கறது) வந்து பிஸ்டன் ரிங் இடுக்கு உடைஞ்சப்புறம்தான் தெரியும்.

அடுத்து, எந்த டர்போன்னு கேட்கறதுக்கு முன்னாடி எவ்வளவு டார்க், எந்த ஆர்பிஎம்-ல வேணும்னு முடிவு பண்ணுங்க. குதிரைத்திறன் ராடை வளைக்காது, டார்க்தான் வளைக்கும். இந்த பிபி இன்ஜின் ராடு சக்கரத்தில் அளந்த டார்க் 270 நியூட்டன் மீட்டர் வரைக்கும் நிம்மதியா நிக்கும். 300 பக்கம் போனா சூதாட்டம். அதுவும் 3000-3500 ஆர்பிஎம்-ல அந்த டார்க் வந்தா இன்னும் மோசம். மெதுவா சுத்துறப்போ சிலிண்டர்ல அழுத்தம் உச்சத்துல இருக்கும். நாக்கிங்குக்கும் நேரம் நிறைய. ராடு உடனே உடையாது. கொஞ்சமா வளையும், அந்த சிலிண்டர்ல கம்ப்ரஷன் குறையும், அப்புறம் ஒரு நாள் பிளாக்கைத் துளைச்சுக்கிட்டு வெளியே வரும்.

220 குதிரைத்திறனை 6800-ல எடுத்தா அந்த இடத்துல தேவைப்படற டார்க் 230 நியூட்டன் மீட்டர்தான். அதே 220-க்காக பூஸ்டை முழுசா 3500-லயே திறந்து விட்டா நடுவுல 280 பக்கம் எகிறிடும். அச்சடிச்ச காகிதத்துல ரெண்டு வண்டிக்கும் ஒரே எண்தான் இருக்கும். ஆயுள் ஒண்ணா இருக்காது.

#3 அழுத்தமானி

ஸ்பேனர் அண்ணன் சொன்ன இலக்கை வைத்து டர்போ அளவைக் கணக்குப் போடலாம். கம்ப்ரஸர் வரைபடத்தை (எந்த அழுத்தத்தில் எவ்வளவு காற்றை எவ்வளவு திறனோடு டர்போ தரும் என்று காட்டுவது) இப்படித்தான் படிக்க வேண்டும். விற்பவர் சொல்லும் "இத்தனை குதிரைத்திறன் டர்போ" என்ற ஒற்றை எண்ணை வைத்து அல்ல.

இன்ஜின் 1839 சிசி. நான்கு ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் முழுக் கொள்ளளவையும் இழுக்கும். 7000 ஆர்பிஎம்-ல், 90 சதவீதம் நிரம்புகிறது என்று கொண்டால், நிமிடத்துக்கு 5.8 கன மீட்டர் காற்று.

முதலில் 0.7 பார் பூஸ்ட். இன்டேக் மேனிஃபோல்டில் 171 கிலோபாஸ்கல். இன்டர்கூலரிலும் குழாயிலும் 7 கிலோபாஸ்கல் இழப்பு, ஏர் ஃபில்டரில் 3. ஆகவே கம்ப்ரஸர் செய்யும் வேலை 178-ஐ 98-ஆல் வகுத்தால் வரும் 1.82. இந்த விகிதத்தைத்தான் வரைபடத்தின் செங்குத்து அச்சில் தேட வேண்டும். பலர் இழப்புகளை மறந்து 1.7 என்று எடுத்துக்கொள்கிறார்கள்; சிறிய டர்போ வாங்கி ஏமாறுவது அதனால்தான்.

35 டிகிரி காற்று, கம்ப்ரஸர் திறன் 72 சதவீதம் என்றால் வெளியே வரும் காற்று 115 டிகிரி. திறன் 60-க்கு விழுந்தால் அதே பூஸ்டுக்கு 131. சின்ன டர்போவை எல்லைக்குத் தள்ளினால் கிடைப்பது இந்த வெப்பம்தான். 75 சதவீதம் வேலை செய்யும் இன்டர்கூலர் 115-ஐ 55-க்கு இறக்கும். அந்த அடர்த்தியில் நிமிடத்துக்கு 10.5 கிலோ, அதாவது 23 பவுண்டு காற்று. பவுண்டுக்குச் சுமார் 10 குதிரைத்திறன் என்பது பழகிய கணக்கு. கிராங்கில் (இன்ஜினிலேயே) 230, சக்கரத்தில் 15 சதவீதம் கழித்தால் 195.

உங்களுக்கு 220 வேண்டும். 0.9 பாருக்கு மறுபடி போட்டால் விகிதம் 2.02, காற்று 25.6 பவுண்டு, கிராங்கில் 256, சக்கரத்தில் ஏறக்குறைய 217. இதுதான் உங்கள் இடம்.

இனி டர்போ. ஜிடி2554ஆர் 270 குதிரைத்திறன் அளவோடு முடிந்துவிடும். உங்கள் தேவை அதன் விளிம்பில் உட்காருகிறது. ஜிடி2560ஆர் 330 வரை, ஜிடி2860ஆர்எஸ் 360 வரை. உங்கள் 25.6 பவுண்டு 2560-இன் வரைபடத்தில் நல்ல திறன் உள்ள தீவுக்குள்ளேயே விழும். 2860-உம் தாங்கும், ஆனால் கொஞ்சம் தாமதமாக எழும். திறக்காத இன்ஜினுக்கு அந்தத் தாமதம் குறையே இல்லை, ராடுக்கு நல்லதுதான். ஆனால் கிடைக்காத சக்திக்குக் கூடுதல் விலை கொடுக்கிறீர்கள்.

#4 பற்சக்கரம்

ஒரு மாற்று யோசனை. டார்க்தான் பிரச்சினை என்றால் ரோட்ரெக்ஸ் சூப்பர்சார்ஜர் (இன்ஜின் பெல்ட்டால் சுற்றிக் காற்றை அழுத்துவது) ஏன் கூடாது? பூஸ்ட் ஆர்பிஎம்-ஓடு சேர்ந்து ஏறும், நடுவில் மேடே வராது. எக்ஸாஸ்ட் பக்கம் கூடுதல் வெப்பம் இல்லை, இன்ஜின் ஆயிலில் கை வைக்க வேண்டியதில்லை. அதற்குத் தனி ஆயில், தனி கூலர். ராடும் கியர்பாக்ஸும் நிம்மதியாக இருக்கும்.

டர்போதான் என்று முடிவானால் இதையும் கணக்கில் சேருங்கள்: கம்பெனி கிளட்ச் 200 நியூட்டன் மீட்டர் தாண்டியதும் நழுவ ஆரம்பிக்கும். ஆர்கானிக் டிஸ்க், அழுத்தம் கூடிய பிரஷர் பிளேட் போதும். தினசரி ஓட்டத்துக்குப் பக் டிஸ்க் (திடீரெனப் பிடிக்கும் துண்டுப் பட்டை வகை) வேண்டாம். டிராஃபிக்கில் கால் போய்விடும், கியர்பாக்ஸுக்கும் அடி. ஐந்து கியர் பாக்ஸில் முதலில் போவது மூன்றாம் கியர் பல். 250 நியூட்டன் மீட்டரில் மென்மையாக மாற்றி ஓட்டினால் நிற்கும். கிளட்சைத் திடீரென்று விட்டால் நிற்காது. ஆறு கியர் பாக்ஸ் டார்க்குக்கு வலுவானது, கிடைத்தால் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். டிஃபரென்ஷியல் 1.8-இல் 7 அங்குலம், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

#5 மூன்றுபார்

ரோட்ரெக்ஸ் பற்றிப் பற்சக்கரம் சொல்வது சரி. ஆனால் அதே வளைவை டர்போவிலும் இசியு வழியாக வரைய முடியும். வேஸ்ட்கேட் (மிஞ்சிய புகையை டர்பைனைத் தாண்டி விடும் கதவு) ஸ்பிரிங் 0.5 பார் போடுங்கள். எலெக்ட்ரானிக் பூஸ்ட் சொலினாய்டு (இசியு இயக்கும் வால்வு) வைத்து 4500 வரை 0.6, அங்கிருந்து படிப்படியாக ஏற்றி 6500-இல் 0.9. டார்க் தட்டையாக நிற்கும், ராடுக்கு அடி இல்லை. ஸ்பிரிங்கின் அழுத்தத்துக்குக் கீழே பூஸ்டை இறக்க முடியாது என்பதை நினைவில் வையுங்கள். 0.9 பார் ஸ்பிரிங்கோடு கிட் வந்தால் இந்த விளையாட்டே நடக்காது, வாங்கும்போதே கேளுங்கள்.

இசியு. மெகாஸ்குவர்ட் 3 வகையில் கம்பெனி சாக்கெட்டில் நேராகச் செருகும் பெட்டிகள் இந்த வண்டிக்குக் கிடைக்கும். அதில் உள்ள பிரஷர் சென்சார் 250 கிலோபாஸ்கல் வரை படிக்கும். 0.9 பாரில் வரும் உங்கள் 191-க்குத் தாராளம். ஹால்டெக், லிங்க் இரண்டும் நல்லவைதான், விலை கூடும். எதை எடுத்தாலும், இசியுவைச் செட் செய்யும் உங்கள் ஊர் டியூனருக்குப் பழகிய பெட்டியா என்று முதலில் கேளுங்கள். டியூனருக்குத் தெரியாத விலையுயர்ந்த இசியுவைவிட, அவர் தினம் கை வைக்கும் சாதாரண பெட்டி உங்கள் இன்ஜினைக் காப்பாற்றும்.

இன்ஜெக்டர் கணக்கு: கிராங்கில் 256 குதிரைத்திறன், ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 0.6 பவுண்டு பெட்ரோல், நான்கால் வகுத்தால் 38.4. இன்ஜெக்டர் 80 சதவீதத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்பதால் 48 பவுண்டு, அதாவது நிமிடத்துக்கு சுமார் 500 சிசி. 550 சிசி எடுங்கள்.

இங்கே என்பிக்கு மட்டும் ஒரு விஷயம். ரெயில் அழுத்தம் 4.1 பார் அளவில் நிலையாக இருக்கும், பூஸ்டோடு சேர்ந்து ஏறாது. 0.9 பார் பூஸ்டில் இன்ஜெக்டரின் இரு பக்க வித்தியாசம் 3.2 பாராகக் குறையும். இன்ஜெக்டர் பெட்டியில் போட்டிருக்கும் 550 என்பது 3 பாரில் அளந்தது, ஆகவே உச்சத்தில் ஏறக்குறைய அதே அளவே கிடைக்கும். ஐடிலில் மட்டும் அதைவிட அதிகமாகப் பாயும். டியூனர் இந்த வித்தியாசத்தை இசியுவில் சொல்லாமல் விட்டால் கீழே கொழுத்தும் (பெட்ரோல் கூடி) மேலே மெலிந்தும் (பெட்ரோல் குறைந்து) ஓடும். மேலே மெலிந்தால் பிஸ்டன் உருகும்.

பம்ப்: மணிக்கு 190 லிட்டர் வகை போதும். தேவை 95 லிட்டருக்குள்தான். 4 பாருக்கு மேல் பம்ப் தன் முழு அளவைத் தராது, அதற்கே இந்த இடைவெளி. "பெரிசா இருக்கட்டும்" என்று 255 போட்டால் டேங்குக்குள் உள்ள சின்ன ரெகுலேட்டர் மிச்சத்தைத் திருப்ப முடியாமல் ஐடிலில் அழுத்தம் ஏறும்.

#6 கேஸ்கெட்ராசா

இப்ப மேனிஃபோல்டு பத்திப் பேசலாம். டிராக்குக்குப் போற மியாட்டா டர்போவில் அதிகமா தகராறு பண்ணுறது டர்போ இல்ல. மேனிஃபோல்டையும் டர்போவையும் பிடிச்சிருக்கிற நாலு ஸ்டட்தான்.

டி25 ஃபிளேஞ்சில் (டர்போ மேனிஃபோல்டோட சேர்ற முகம்) 8 மில்லிமீட்டர் ஸ்டட் நாலு. ஸ்டியரிங்கைப் பிடிச்சு இருபது நிமிஷம் மிதிச்சா அந்த இடம் சிவக்கும். சாதாரண ஸ்டீல் ஸ்டட் அந்தச் சூட்டில் இழுவையை இழந்து நீளும். ஆறினதும் நட் தளர்ந்து நிக்கும். அடுத்த ரவுண்டில் கேஸ்கெட் இடுக்கில் புகை சீறும், அந்தச் சீறலே கேஸ்கெட்டை அறுக்கும். அப்புறம் எத்தனை முறை முறுக்கினாலும் நிக்காது. முதலில் பார்க்கிறப்போ கேஸ்கெட் விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு, நட்டைச் சுத்தி மெல்லிய சாம்பல். அதைக் கண்டா அன்னிக்கே கழட்டணும்.

தீர்வு இன்கோனெல் ஸ்டட். அந்தச் சூட்டிலும் வலுவை விடாத உலோகம். கூடவே பூட்டுத் தகடு உள்ள நட். ஃபிளேஞ்சை 10 மில்லிமீட்டர் ஸ்டட்டுக்கு மாத்திக் கொடுக்கிற கிட் இருந்தா இன்னும் நல்லது. எந்தக் கிட் வாங்கினாலும் "ஸ்டட் என்ன மெட்டல்?" என்று கேளுங்க. பதில் சொல்லத் தடுமாறினா, விலையில் இன்கோனெல் செட்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்குங்க.

வார்ப்பிரும்பா, ஸ்டெயின்லெஸ்ஸா? 304 ஸ்டெயின்லெஸ் சூட்டில் ரொம்ப விரியும். 300 மில்லிமீட்டர் நீளம் 700 டிகிரி ஏறினா கிட்டத்தட்ட 3.8 மில்லிமீட்டர் நீளும். வார்ப்பிரும்பு அதில் மூணில் ரெண்டு பங்குதான். சிலிண்டர் ஹெட் அலுமினியம், அது தண்ணீரில் குளிர்ந்து கிடக்கு, நீளாது. இந்த இழுபறி வெல்டிங்கில்தான் வெடிப்பா வெளிப்படும், பெரும்பாலும் குழாய்கள் கூடுற முடிச்சில். மெல்லிய குழாயில் 6 கிலோ டர்போவைத் தொங்க விட்டு, தாங்கு கம்பியும் இல்லைன்னா கேட்கவே வேண்டாம். நல்ல கைத்திறனோட, கனமான சுவரோட செஞ்ச குழாய் மேனிஃபோல்டு நிக்கும், மறுக்கல. 220 குதிரைத்திறனுக்கு அது தரும் கூடுதல் சக்தி தொட்டுக்கத்தான் வரும். முதல் கிட்டின் வார்ப்பிரும்பே உங்களுக்குச் சரி.

#7 ஆர்பிஎம்7000

ரொம்ப நன்றிங்க. முதல் கிட்தான் என்று முடிவாகிவிட்டது. ஆயில் லைன் பற்றிச் சந்தேகம். டர்போ ஆயில் திரும்பி வர, சம்ப்பை (இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) வண்டியில் வைத்தே துளை போடலாம் என்று கிட்டில் எழுதியிருக்கு. கிரீஸ் தடவி துளை போட்டால் துகள் உள்ளே போகாது என்கிறார்கள். செய்யலாமா? அப்புறம், டிரெய்ன் ஹோஸை ஃப்ரேமைச் சுற்றிக் கொண்டு போகும்படி படம் போட்டிருக்கு.

#8 ஸ்பேனர்12

ஹோஸை அப்படிச் சுத்திக் கொண்டு போகாதீங்க. பால் பேரிங் டர்போவுக்குள்ள ஆயில் அழுத்தத்தோட போகும், வெளியே வரும்போது அழுத்தம் கிடையாது. நுரைச்சுப் போன பால் மாதிரி வரும், தன் எடையால மட்டும் இறங்கணும். ஹோஸ் ஒரு இடத்துல கிடையா ஓடினாலோ தொங்கி மேலே ஏறினாலோ ஆயில் தேங்கும். டர்போவோட நடுப்பகுதி நிரம்பி, சீல் வழியா எக்ஸாஸ்டுக்குள்ள கசியும். நீலப் புகை வரும். டர்போ சீல் போச்சுன்னு புது டர்போ வாங்குவாங்க, அதுலயும் அதே புகை!

டிரெய்ன் 10 ஏஎன் (ஹோஸ் அளவுக் குறியீடு) அளவுக்குக் குறையவே கூடாது. நேர் கீழே, அதிகபட்சம் செங்குத்துக்கு 35 டிகிரி சாய்வு. சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலேதான் நுழையணும். மட்டத்துக்குக் கீழே நுழைஞ்சா ஹோஸுக்குள்ளயே ஆயில் நிக்கும்.

நீலப் புகைக்கு இன்னொரு காரணமும் உண்டு, பலர் அதைத் தேடுறதே இல்ல. கிராங்க்கேஸுக்குள்ள அழுத்தம் ஏறினாலும் டிரெய்ன் இறங்காது. பூஸ்ட் வந்ததும் பிசிவி வால்வு (கிராங்க்கேஸ் புகையை இன்டேக்குக்கு விடறது) சரியா மூடலைன்னா இன்டேக் மேனிஃபோல்டு காத்து நேரா இன்ஜினுக்குள்ள போகும். அந்த வால்வை வாயால ஊதிப் பாருங்க, ஒரு பக்கம்தான் காத்து போகணும். சந்தேகமா இருந்தா தனி செக் வால்வு போடுங்க. கேம் கவரோட மறுபக்க ஹோஸைக் கேட்ச் கேனுக்கு (ஆயில் ஆவியைப் பிடிக்கற டப்பா) கொண்டு போங்க.

துளை விஷயம்: வண்டியில வெச்சே போடறாங்க, கிரீஸும் தடவறாங்க. ஆனா அரை அங்குல டேப் ஓட்டுறப்போ துகள் நிறைய வரும். ஒரே ஒரு துகள் ஆயில் பம்ப் வலைக்குப் போனாலும் போதும், இன்ஜினுக்கு ஆபத்து. எப்படியும் இன்ஜின் மவுண்ட்டைத் தளர்த்தறீங்கன்னா சம்ப்பைக் கழட்டிடுங்க. முடியலைன்னா ஆயிலை முழுசா வடிச்சு, டேப் ஒவ்வொரு கால் சுத்துக்கும் வெளியே எடுத்துத் துடைச்சு, முடிச்சப்புறம் பழைய ஆயில் ரெண்டு லிட்டரை ஊத்தி அலசி வெளியே விடுங்க. காந்தத்தை நம்பாதீங்க, சம்ப் அலுமினியம்.

ஃபீட் லைன்: ஆயில் பிரஷர் சென்சார் இருக்கற துளையில டீ ஃபிட்டிங் போட்டு 4 ஏஎன் லைன். அது இன்டேக் பக்கம், டர்போ எதிர்ப்பக்கம், லைன் இன்ஜினுக்குப் பின்னால சுத்தி வரும். பெல்ஹவுஸிங் மேலே உரசாம கிளிப் போடுங்க; சூடான இடத்துல ஸ்லீவ். பால் பேரிங் வகைக்கு 0.9 முதல் 1 மில்லிமீட்டர் துளை உள்ள ரெஸ்ட்ரிக்டர் வேணும், டர்போ நுழைவில் 45 பிஎஸ்ஐ தாண்டக் கூடாது. கிட்டோட ஃபிட்டிங்கில் அது ஏற்கெனவே இருக்கான்னு கண்ணால பாருங்க. ரெண்டு ரெஸ்ட்ரிக்டர் வரிசையா விழுந்தா டர்போ பட்டினி.

#9 அழுத்தமானி

டிராக் போவதாகச் சொன்னதால் கூலன்ட் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

இந்த பிபி இன்ஜின் முதலில் குறுக்காக வைத்த முன்சக்கர வண்டிக்கு வந்தது. அதில் சூடான தண்ணீர் ஹெட்டின் பின் முனையிலிருந்து வெளியேறும். மியாட்டாவில் இன்ஜினை நெடுக்காக வைத்தபோது பின் முனை ஃபயர்வாலுக்கு ஒட்டிப் போய்விட்டது. மாஸ்டா வெளியேறும் வாயை முன்னால் மாற்றியது. விளைவு: தண்ணீர் முன்னால் நுழைகிறது, முன்னாலேயே வெளியேறுகிறது. நான்காவது சிலிண்டர் பக்கம் ஓட்டம் மந்தம். டர்போ இல்லாதபோது அது தாங்கும். டர்போவோடு டிராக்கில், மீட்டர் முள் நடுவில் நின்றாலும் நான்காவது சிலிண்டர்தான் முதலில் நாக்கிங் காட்டும்.

கூலன்ட் ரீரூட் என்று கேட்டால் கிடைக்கும். தெர்மோஸ்டாட்டைப் பின் முனைக்குக் கொண்டு போய், முன் வாயை அடைத்து, பின்னாலிருந்து ரேடியேட்டருக்கு நீளமான ஹோஸ். இன்ஜின் வண்டிக்குள் இருக்கும்போது ஃபயர்வால் இடுக்கில் கை நுழைவது கடினம்; கிளட்ச் மாற்றக் கியர்பாக்ஸை இறக்கும் அன்றே செய்தால் எளிது. தெர்மோஸ்டாட்டில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டால் காற்று அடைபடாது.

ரேடியேட்டரைத் தடிமனாக்குவதற்கு முன், இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள பக்க இடைவெளிகளை அடையுங்கள். இந்த வண்டியின் வாய் சின்னது. நுழைந்த காற்று ரேடியேட்டரைச் சுற்றி ஓடிவிட்டால் எவ்வளவு பெரிய ரேடியேட்டரும் வீண். கீழ்த் தட்டைக் கழற்றி வீசாதீர்கள். அது இல்லாவிட்டால் ரேடியேட்டருக்குப் பின்னால் அழுத்தம் குறையாமல் காற்று இழுபடாது.

#10 ஆர்பிஎம்7000

இப்போது என் பட்டியல்: முதல் கிட், இன்கோனெல் ஸ்டட், செருகும் வகை மெகாஸ்குவர்ட், 550 சிசி, 190 பம்ப், கிளட்ச், ரீரூட், கேட்ச் கேன், 0.5 பார் ஸ்பிரிங், பூஸ்ட் சொலினாய்டு. எதாவது விட்டுப்போச்சா? கிட்டைச் செகண்ட் ஹேண்டில் எடுத்தால் மிச்சம் ஆகுமா?

#11 மூன்றுபார்

ஒய்டுபேண்ட் ஆக்சிஜன் சென்சார் (காற்று-பெட்ரோல் கலவையை அளப்பது) விட்டுவிட்டீர்கள். பாஷ் எல்எஸ்யூ 4.9 வகை. டவுன்பைப்பில் டர்போவிலிருந்து 60 முதல் 90 சென்டிமீட்டர் தள்ளி, கடிகாரத்தில் பத்துக்கும் இரண்டுக்கும் நடுவே மேல் நோக்கி. கீழே வைத்தால் குளிர் ஸ்டார்ட்டில் தேங்கும் தண்ணீர் சென்சாரைப் பிளக்கும். காற்று வெப்ப சென்சாரும் வேண்டும், திறந்த முனை வகை, இன்டர்கூலருக்குப் பிறகு த்ராட்டிலுக்கு முன்னால். கம்பெனி சென்சார் பழைய இடத்திலேயே இருந்தால் இசியுவுக்குப் பூஸ்ட் காற்றின் சூடு தெரியாது.

ஸ்பார்க் பிளக் ஒரு படி குளிர்ந்தது: என்ஜிகே பிகேஆர்7இ, இடைவெளி 0.7 முதல் 0.8. கம்பெனி 1.1 இடைவெளியில் பூஸ்ட் வந்ததும் தீப்பொறி அணையும். 5500-இல் இருமுவது போல வெட்டும், பலர் அதைப் பெட்ரோல் குறைபாடு என்று தேடி அலைவார்கள்.

டியூனில் நீங்கள் கேட்க வேண்டியது: முழு பூஸ்டில் கலவை (ஒரு பங்கு பெட்ரோலுக்குக் காற்று) 11.5 முதல் 12, பூஸ்ட் ஒவ்வொரு பிஎஸ்ஐக்கும் டைமிங் சுமார் ஒரு டிகிரி பின்னால், காற்று 60 டிகிரி தாண்டினால் இன்னும் பின்னால், 210 கிலோபாஸ்கலில் பெட்ரோலை வெட்டும் பாதுகாப்பு, லிமிட்டர் 7000. வேஸ்ட்கேட் ஹோஸ் ஒன்று கழன்றால் உங்கள் ராடுக்கும் பிளாக்குக்கும் நடுவே நிற்பது அந்த 210 மட்டுமே.

#12 கேஸ்கெட்ராசா

செகண்ட் ஹேண்டில் மேனிஃபோல்டு, இன்டர்கூலர், டவுன்பைப் எடுக்கலாம். மேனிஃபோல்டை கெரசினில் கழுவி, வெயிலில் காய வெச்சு, சுண்ணாம்புத் தூள் தடவுங்க. வெடிப்பு இருந்தா உள்ளே நின்ன கெரசின் கோடு போட்டுக் காட்டிடும். ஃபிளேஞ்ச் மேலே நேர் பட்டை வெச்சு ஃபீலர் விடுங்க. 0.1 மில்லிமீட்டருக்கு மேல் நுழைஞ்சா முகத்தைச் சீவணும்.

டர்போவை மட்டும் புதுசா, நம்பிக்கையான இடத்தில் வாங்குங்க. காரெட் பெயரில் நகல் நிறைய திரியுது. பழசு பார்த்தே ஆகணும்னா ஷாஃப்ட்டை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்க, அந்த அச்சுவாக்கில் ஆட்டமே உணரக் கூடாது. கம்ப்ரஸர் பிளேடு நுனி மழுங்கியிருந்தா ஃபில்டர் இல்லாம ஓட்டியிருக்காங்க. டர்பைன் ஹவுஸிங்கில் வேஸ்ட்கேட் துளைக்கும் டர்பைனுக்கும் நடுவில் மயிரிழை வெடிப்பு சகஜம். துளை வரை ஓடி முடிஞ்சிருந்தா விட்டுடுங்க.

#13 ஸ்பேனர்12

பட்டியல் நல்லா இருக்கு தம்பி. பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி இன்ஜினுக்கு கம்ப்ரஷன் டெஸ்ட்டும் லீக்டவுன் (சிலிண்டர் காத்துக் கசிவு) டெஸ்ட்டும் பண்ணிடுங்க. நாலு சிலிண்டருக்கும் நடுவுல 10 சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா கிட் காத்திருக்கட்டும்.

வேலையை ரெண்டா பிரிங்க. முதல்ல இசியு, இன்ஜெக்டர், பம்ப், ஒய்டுபேண்ட் மட்டும் மாட்டி, டர்போ இல்லாமலே ஒரு வாரம் ஓட்டுங்க. குளிர் ஸ்டார்ட், ஐடில் எல்லாம் அப்பவே சரி பண்ணிடலாம். எல்லாத்தையும் ஒரே நாள்ல மாட்டினா, ஸ்டார்ட் ஆகலைன்னா எதைத் தேடுவீங்க?

டர்போ மாட்டின அன்னிக்கு நுழைவுத் துளையில சுத்தமான ஆயில் ஊத்தி, கையால விசிறியைச் சுத்தி விடுங்க. இன்ஜெக்டர் கனெக்டரைக் கழட்டி வெச்சுட்டுப் பத்துப் பத்து செகண்டா கிராங்க் பண்ணுங்க, ஆயில் பிரஷர் முள் எழும்பற வரைக்கும். டிரெய்ன் ஹோஸைச் சம்ப் பக்கம் கழட்டி ஒரு டப்பாவுல விட்டுப் பாருங்க, ஆயில் வந்தாத்தான் மாட்டணும். அப்புறம்தான் ஸ்டார்ட். பத்து நிமிஷம் ஐடில், கசிவு பார்க்கணும், அணைச்சு முழுசா ஆற விடணும். ஆறினதும் மேனிஃபோல்டு நட்டும் டர்போ நட்டும் ஒருமுறை முறுக்குப் பாருங்க. 100 கிலோமீட்டர்ல மறுபடி, முதல் டிராக் நாள் முடிஞ்சதும் மறுபடி. மூணாவது முறையும் தளர்ந்திருந்தா முறுக்காதீங்க, கழட்டி ஃபிளேஞ்சைப் பாருங்க.

#14 ஆர்பிஎம்7000

லீக்டவுன் இந்த சனிக்கிழமை போடுகிறேன். கடைசியா ஒண்ணு: டிரெய்ன் ஹோஸுக்கு நேர் கீழே வழி விட்டால் மவுண்ட் பிராக்கெட் குறுக்கே வருது. பிராக்கெட்டை வெட்டலாமா?

#15 கேஸ்கெட்ராசா

பிராக்கெட்டைத் தொடாதீங்க. டர்போ பக்கம் நேர் ஃபிட்டிங்கை எடுத்துட்டு 45 டிகிரி வளைவு போடுங்க, அதுவும் வார்த்த வளைவு, 90 டிகிரி கூர் முழங்கை இல்ல. டர்போவோட நடுப்பகுதியை ஹவுஸிங் கிளாம்ப்பைத் தளர்த்தி 10 டிகிரி வரை திருப்பலாம். டிரெய்ன் வாய் பிராக்கெட்டைத் தாண்டி வந்துடும். திருப்பினப்புறம் வேஸ்ட்கேட் கம்பி நேரா இழுக்குதான்னு பாருங்க, கோணலா இழுத்தா மூடி முழுசா அடையாது. அதுக்கப்புறமும் இடம் பத்தலைன்னா சம்ப்பில் துளையை 4 சென்டிமீட்டர் முன்னால் தள்ளுங்க. டேப் போடறதுக்கு முன்னாடி ஹோஸை வெச்சு அளந்து பார்த்தாப் போதும்.